கோதுமை படாத கோழி

1

மகளுக்குக் கோதுமை ஆகாது என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான். "அதனால என்ன தம்பி, நாமதான் சோறு திங்கிற ஆளுங்களாச்சே!" சொல்லிவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நானும் அப்படி நினைத்தவன்தான். வலங்கைமானுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கோதுமை என்பது சர்க்கரை வியாதி வந்த பிறகு சாப்பிடுகிற பொருள். எங்கள் வீட்டில் காலையில் பழையது, மதியம் சோறு, ராத்திரி இட்லி. எல்லாம் அரிசிதான். நான் குடியேறிய நெதர்லாந்திலோ காலையிலும் ரொட்டி, மதியமும் ரொட்டி. இந்த நாட்டில் வைத்து என் மகள் யாழினிக்குச் சீலியாக் என்று ஒரு நோய், இனி கோதுமையே கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, வருத்தத்தோடு எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைக்கு வந்திருந்தால் பெற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள், நமக்கென்ன, பானையில் சோறு இருக்கிறது என்று என் மனைவி வசந்தியிடம் சொன்னேன். அசட்டுக் கர்வம்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணமான பசைக்குப் பெயர் குளூட்டன். கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றிலும் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களின் உடம்பு அதைப் பகையாளி என்று எண்ணித் தன் குடலையே கெடுத்துக்கொள்ளும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. பிள்ளை வளராது. ரொட்டித்தூள் ஒரு துணுக்கு பட்டாலே போதும். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ஆயுளுக்கும் ஒதுக்கி வைப்பது ஒன்றுதான் வழி.

நேற்று யாழினியின் பள்ளியிலிருந்து கோடை விருந்துக்கு அழைப்பு வந்தது. ஆற்றங்கரைப் புல்வெளியில் கரியடுப்பு மூட்டி, அவரவர் கொண்டுவருவதைச் சுட்டுத் தின்கிற விருந்து. அழைப்பைப் பார்த்ததும் போன வருஷத்து விருந்து நினைவுக்கு வந்தது. இதை எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறுமோ என்று உட்கார்ந்தேன்.

2

இந்த நாட்டில் நோய் வருவது எளிது, அதைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. எதற்கும் முதலில் குடும்ப மருத்துவர். அவரைப் பார்க்க வேண்டுமானால் போனில் ஒரு பெண்மணியிடம் காரணம் சொல்லி, அது தகுந்த காரணம்தான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவரோ எது சொன்னாலும், பாராசிட்டமால் கொடுங்கள், இரண்டு வாரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்பார். ஒருமுறை நான் பதற்றத்தில், மகளுக்கு வயிறு வலிக்கிறது என்பதற்கு மகளுக்குப் புத்தகம் வலிக்கிறது என்று டச்சில் சொல்லிவிட்டேன். அந்த மொழியில் இரண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பல மாதம் இப்படி அலைந்து, குழந்தை மெலிந்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். அன்று மாலை திரும்பி வரும்போது அவள் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ சாத்தே திங்க முடியாதாப்பா?"

சாத்தே என்பது குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கறி. மேலே வேர்க்கடலைக் குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். இந்த நாட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தோனேசியாவை ஆண்டார்கள், அங்கிருந்து தூக்கிவந்தவற்றில் இதுவும் ஒன்று. இன்றைக்கு மூலைக்கு மூலை விற்கிறது. கடைச் சாத்தேயில் ஊற்றுகிற சோயா சாஸில் கோதுமை இருக்கிறது, குழம்பைக் கெட்டியாக்க மாவும் கரைத்துவிடுகிறார்கள். பள்ளி விட்டு வரும் வழியில் தோழிகள் கடைக்குள் போக, அவள் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியில் நிற்பதை ஒருநாள் பார்த்தேன். அந்த வாரமே நான் சாத்தே செய்யக் கற்றுக்கொண்டேன்.

3

அதுவரை நான் சமையலறைக்குள் போனால் தண்ணீர் குடிக்கத்தான். வசந்திக்கு ஒரே வேடிக்கை. "கெணறு வெட்டுற ஆளு மாதிரி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, ஒரு கோழிக்கா இவ்வளவு?" என்பாள்.

தொடைக்கறிதான் சரி, நெஞ்சுக்கறி சுட்டால் சக்கையாகிவிடும். துருக்கிக்காரர் கடையில் எலும்பு நீக்கி வாங்கி, விரல் அகலத்துக்கு நீளவாக்கில் நறுக்குவேன். மஞ்சள், தனியாத்தூள், இடித்த பூண்டு, எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு, கொஞ்சம் வெல்லம், கோதுமை சேராத சோயா சாஸ். பிசறி முதல் நாளே ஊற வைத்துவிட வேண்டும். மூங்கில் குச்சிகளையும் தண்ணீரில் போட்டு வைப்பேன், இல்லாவிட்டால் கறி வேகுமுன் குச்சி எரிந்துவிடும். அடுப்பு, இடுக்கி, தட்டு எல்லாம் தனி. எங்கள் கரியடுப்பின் கம்பியில் ரொட்டி பட்டதே கிடையாது. அக்கம்பக்கத்தார் இரவல் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து தோட்டத்துக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தேன்.

வேர்க்கடலையை நிதானமாக வறுத்து, தோல் ஊதி, கொரகொரப்பாக அரைத்து, தேங்காய்ப்பாலில் புளியும் வெல்லமும் காய்ந்த மிளகாய் விழுதும் சேர்த்துக் கொதிக்க விட்டால் எண்ணெய் மேலே பிரிந்து வரும். அப்போது வசந்தி வந்து ஒரு சிட்டிகை பெருங்காயம் போடுவாள். வேர்க்கடலை வாயு என்பது அவள் கட்சி. மொச்சையோ பட்டாணியோ கடலையோ, பெருங்காயம் போடாமல் இறக்கினால் எங்கள் பக்கத்தில் அது சமையலில் சேர்த்தி இல்லை. இந்தோனேசியாக்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் ருசி கூடத்தான் செய்தது.

புட்டிகளின் பின்பக்கத்தைப் படித்துப் படித்தே என் டச்சு வளர்ந்தது. கோதுமைக்கு இவர்கள் சொல்வது 'தார்வெ'. எத்தனை பொடி எழுத்தில் இருந்தாலும், திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரன் முகம் தெரிகிற மாதிரி, அந்தச் சொல் எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். என் வீட்டுக்குள் கோதுமை நுழையாது என்று சத்தியமே செய்திருப்பேன்.

4

பாபநாசத்தில் இருக்கிறாள் என் அக்கா ராஜாத்தி. அவளுடைய மூத்த மகன் கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். மற்ற இடங்களில் யாழினி ஒவ்வொரு வாய்க்கும் பயந்து சாப்பிடுவாள். நம் ஊருக்கு வந்தால் பயமே வேண்டாம் என்று எனக்கு நிம்மதி. பூரி, கேசரி, அல்வா எதுவும் அவள் இலைப்பக்கம் வராமல் அக்காவே காவல் நின்றாள். சோறு, சாம்பார், ரசம், மோர். அவ்வளவுதான் சாப்பிட்டாள்.

மறுநாளே படுத்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவளைப் பார்த்து அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நம்ம மண்ணுல வந்து நம்ம சோத்தத் தின்னுட்டு ஒரு புள்ளைக்கு வயிறு வலிக்குமா? தண்ணி சேரல தம்பி. வேற ஒண்ணுமில்ல" என்று முடிவு கட்டினாள். மோரில் பெருங்காயத்தைக் கரைத்து எடுத்து வந்தாள்.

வயிற்றுவலிக்கு எங்கள் வீடுகளில் முதல் மருந்து அதுதான். கைக்குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றித் தடவுவோம், வளர்ந்த பிள்ளைக்கு மோரில் கரைத்துக் கொடுப்போம். நானும் அக்காவும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தோம். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடவு வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனவள். அவள் கொடுத்தால் நான் என்னவென்று கேட்பதில்லை. கிளம்பும்போது வழக்கம்போல இட்லிப் பொடியும், கும்பகோணத்துக் கடையில் வாங்கிய கட்டிப் பெருங்காயமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "அங்க கெடைக்கிறதுல வாசனையே இருக்காது. இதைப் போட்டு மோர் குடு, வயிறு ஆறிடும்" என்றாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தப் பொட்டலம் எங்களுக்கு வந்துகொண்டே இருந்தது. வசந்தியும் அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

5

கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் நோயின் அளவு மெல்ல இறங்கிவிடும் என்றார்கள். இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். வகுப்பிலேயே யாழினிதான் குட்டை. பின்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அவளைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தார்கள். எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள்.

அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் இத்தனை வருஷம் இங்கே இருக்கிறீர்கள், டச்சிலேயே பேசுவோமே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். மொழித் தேர்வில் தேறியவன்தான் நான், ஆனால் என்னுடையது கடையில் பால் வாங்குகிற டச்சு. அவர் வேகம் பிடித்தால் எனக்கு ஓடாது. வசந்திக்கு அதுவும் இல்லை. ஆகவே யாழினிதான் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். அன்றும் அப்படித்தான். அந்த அம்மாள் மென்மையாக, நீளமாக ஏதோ சொன்னார். யாழினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றேன்.

"இந்த வயசுல பிள்ளைங்க தெரியாம எடுத்துத் திங்குமாம். ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல, ஸ்கூல்ல. அது நார்மலாம். என்னைத் திட்டக் கூடாதாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் திங்கலப்பா. இது அவங்க சொன்னது இல்ல, நான் சொல்றேன்" என்றாள்.

காரில் ஏறியதும் நான் திட்டினேன்.

"திங்காம எப்படி ஏறும்? வீட்டுல ஒரு துணுக்கு கோதுமை கெடையாது. நான் ஒவ்வொண்ணா படிச்சுப் படிச்சு வாங்குறேன். அப்போ எங்கேருந்து வருது?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"எனக்குத் தெரியும்."

அதன் பிறகு வீட்டில் அவள் தமிழ் பேசுவது குறைந்தது. கேட்டதற்கு டச்சில் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். நான் அவள் பையைத் துழாவ ஆரம்பித்தேன். ஒருநாள் பிஸ்கட் உறை ஒன்று கிடைத்தது. தோழி தின்றுவிட்டுப் போட்டது என்றாள். எந்தத் தோழி, போன் நம்பர் கொடு என்றேன். அவள் கொடுத்தாள். நான் பேசவில்லை. பேசியிருந்தால் அந்தப் பெண் உண்மையைச் சொல்லியிருப்பாள், அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆலோசகர் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இந்த நாடு என் பிள்ளையைக் கெடுக்கிறது, என் சமையலறை சுத்தமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

6

போன வருஷத்து விருந்துக்கு எங்கள் அடுப்பையே தூக்கிக்கொண்டு போனேன். மற்ற அடுப்புகளுக்குத் தள்ளி, ரொட்டித்தூள் காற்றில்கூட வராத இடமாகப் பார்த்து வைத்தேன். பிள்ளைகள் மணத்துக்கு வந்து மொய்த்துவிட்டார்கள். யாழினியின் அப்பா செய்கிற சாத்தேதான் ஊரிலேயே சிறந்தது என்று ஒரு பையன் சொன்னதை அவளே எனக்குத் தமிழில் சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

ஆனாலும் நான் அவளை என் கண் பார்வையை விட்டு அகல விடவில்லை. யாருடைய தட்டுக்கு அவள் கை போகிறது என்று கவனித்துக்கொண்டே குச்சிகளைத் திருப்பினேன். அவளுக்கும் அது தெரியும். என் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்து, வேர்க்கடலைக் குழம்பில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். கூட்டத்துக்கு என்று அன்றைக்குப் பெரிய பாத்திரத்தில் குழம்பு வைத்திருந்தோம். வசந்தியும் அதற்குத் தகுந்தபடி பெருங்காயத்தைத் தாராளமாகவே போட்டிருந்தாள்.

வீட்டுக்கு வருமுன்பே காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். வீட்டில் குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வசந்தி மோர் கலக்கி எடுத்து வந்தாள்.

"வேண்டாம்மா. அது வேண்டாம்."

"ஒரு மடக்கு குடி கண்ணு, ஆறிடும்."

"வீம்பு பண்ணாதே, குடி" என்றேன் நான்.

குடித்தாள். அப்புறம் வந்த வாந்தியில் பச்சையாகப் பித்தநீர்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கையில் ஊசி குத்தி குளுகோஸ் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சில்லிட்டு, உதடு வெளுத்துக் கிடந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவள் வேறு எதுவுமே சாப்பிடவில்லை. அது எனக்குத்தான் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஒரு போலீஸ்காரனைப் போல நாள் முழுக்க நான் அவளைக் காவல் காத்தேன். அவள் வயிற்றுக்குள் போனது எல்லாம் என் கையால் போனது.

7

வீட்டுக்கு வந்து சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். ஒவ்வொன்றாக மறுபடி படித்தேன். எதிலும் தார்வெ இல்லை. படிக்க ஒன்றுமே இல்லாமல் மிச்சம் இருந்தவை அக்காவின் பொட்டலங்கள் மட்டும். போன் போட்டேன்.

"அக்கா, இட்லிப் பொடியில என்னென்ன போடுற?"

"உளுந்து, மொளகா, எள்ளு, உப்பு, பெருங்காயம். இதுல ஏதுடா கோதுமை?"

"பெருங்காயத்துல என்ன இருக்கு?"

"பெருங்காயத்துல பெருங்காயம்தான் இருக்கும். என்ன கேள்வி கேக்குற நீ?"

எனக்கும் அது அப்படித்தான். ஆலோசகர் அம்மாளுக்கோ பெருங்காயம் என்று ஒரு பொருள் இருப்பதே தெரியாது, அவர் எப்படிக் கேட்பார்? எதற்கும் கடையில் விசாரி என்றேன். அக்கா பஸ் ஏறிக் கும்பகோணம் போய், கடைக்காரர் கையிலேயே போனைக் கொடுத்தாள்.

"சொல்லுங்க சார்" என்றார் அவர். விஷயத்தைச் சொன்னேன். "மைதா இல்லாம எப்படிங்க சார்? அசல் பெருங்காயத்த அப்படியே போட்டா யாரும் வாயில வைக்க முடியாதுங்க. மைதாவும் பிசினும் சேத்துப் பிசைஞ்சாத்தான் கட்டி புடிக்கும். நாங்க பண்றதுல மைதாதான் சார் கூட இருக்கும். வேற கடையிலயும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா வயித்துக்கு ரொம்ப நல்லதுங்க. சின்னப் புள்ளைங்களுக்கு மோர்ல கலந்து குடுங்க."

போன் மறுபடி அக்காவிடம் வந்தது. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"தம்பி," என்றாள். "அப்போ கல்யாணத்துல நான் குடுத்த மோரு?"

"விடுக்கா."

"மூணு வேளையும் குடுத்தேனே. குடிக்க மாட்டேன்னவள மடியில போட்டுக்கிட்டுக் குடுத்தேனே." நடுத்தெருவில் நின்று அக்கா வாய்விட்டு அழுதாள். கல்யாணத்துச் சாம்பாரும் ரசமும்கூட அதே பெருங்காயம்தானே என்று சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு அக்கா எதுவும் அனுப்புவதில்லை. யாராவது வந்தால், என்ன கொடுத்து அனுப்பட்டும் என்று கேட்பதுமில்லை.

8

யாழினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நான் திருடித் திங்கலன்னு தெரிஞ்சுதா?" என்றாள். தெரிந்தது என்றேன். சரி என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மன்னித்துவிடு என்று போர்வையிடம்தான் சொன்னேன்.

பெருங்காயம் எங்கள் வீட்டிலிருந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்திலேயே ரத்தத்தில் நோயின் அளவு சரிந்து இறங்கியது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. இப்போது அவள் தன் சாப்பாட்டைப் பெரும்பாலும் தானே சமைத்துக்கொள்கிறாள். நாங்கள் ஏதாவது எடுத்துவைத்தால், இதில் என்ன போட்டீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். அடுத்த வார விருந்துக்கும் அவளே கறி ஊறவைத்துக்கொள்வாளாம். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் கடைசிப் பரிசோதனை. குடல் நன்றாக ஆறிவிட்டது என்று மருத்துவர் கை குலுக்கினார். வளர்த்தி பற்றிக் கேட்டேன். எலும்பு வளர்கிற வயது முடியப்போகிறது, போனதில் கொஞ்சம்தான் திரும்பக் கிடைக்கும் என்றார். இந்த முறை யாழினி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எனக்கே புரிந்தது.

திரும்பும்போது நான் ஓட்டினேன், வசந்தி பக்கத்தில், யாழினி பின்னால். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"இப்போல்லாம் வயிறு வலிக்கிறதே இல்லயில்ல?"

"இல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே சொன்னாள். "முன்னாடி தினமும் வலிக்கும். நான் உங்ககிட்ட சொல்றத விட்டுட்டேன்."

"ஏம்மா?"

"சொன்னா மோர் குடுப்பீங்க. குடிச்சா இன்னும் வலிக்கும்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா? மோர் குடிச்சாத்தான் வலிக்குதுன்னு?"

"சொன்னேன்ப்பா. அத்தை வீட்டுல ஒரு தடவை. இங்க கிச்சன்ல ஒரு தடவை. ஊர்ல எல்லாரும் குடிக்கிறாங்க, உனக்கு மட்டும் வலிக்குதா, நடிக்காதேன்னீங்க."

கோபமே இல்லாத குரல். நான் யோசித்துப் பார்த்தேன். கல்யாண வீடு நினைவிருக்கிறது, அவள் சுருண்டு கிடந்த பாய் நினைவிருக்கிறது. அவள் அப்படிச் சொன்னது மட்டும் எவ்வளவு துழாவியும் எனக்கு வரவில்லை.

"நான் அப்படியா சொன்னேன்?" என்று வசந்தியைக் கேட்டேன்.

வசந்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னீங்க," என்றாள். "ரெண்டு தடவையும். நான்தானே டம்ளரைக் கையில வச்சிக்கிட்டு நின்னேன்."